ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களின் அமைப்புக்குத் தலைமையை யாரிடம் கொடுப்பது?

பாலாற்றங்கரை (ஆம்பூர்) கேட்டது:

வணக்கம். ஆம்பூரை அடுத்த எங்கள் குடியிருப்பில் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களும், வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களும், பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். இவர்களுக்காக ஒரு சிறு அமைப்பைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். வைப்பு நிதி விண்ணப்பம், இ.எஸ்.ஐ. அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வெளிமாநில ரேஷன் அட்டைக்குப் பொருள் வாங்கித் தருவது என்று தொடங்கிய வேலை, இப்போது கூலி, ஓவர்டைம் பணம், வேன் வசதி ஆகியவற்றைப் பற்றி நிர்வாகத்திடம் நேரடியாகப் பேச வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறது.

இதுவரை தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனு எழுதுவது, அதிகாரிகளைப் பார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாமே அவர்தான். உடல்நலம் கருதி அவர் விலக விரும்புகிறார். அடுத்தவர் யார் என்ற பேச்சு எழுந்ததும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைத் தலைவராக்கினால் அடுத்த மாதமே ஏதாவது ஒரு காரணம் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆகையால் சட்டம் தெரிந்த ஒரு வெளியாளையே கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உழைக்கிறவர்களின் அமைப்புக்கு உழைக்கிறவரே தலைவராக இருக்க வேண்டும் என்பது மற்றவர்களின் எண்ணம். வடமாநில இளைஞர்கள் தரப்பிலிருந்து யாரைச் சேர்ப்பது என்று கேட்டால், எல்லோரும் அவர்களை அழைத்துவந்த மேஸ்திரியின் பெயரையே சொல்கிறார்கள். அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்ல எனக்குத் தக்க காரணமும் கிடைக்கவில்லை.

பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளில் இத்தகைய அமைப்புகளில் இருந்தவர்கள், இருப்பவர்கள், தலைமைக்கு உரியவரை எப்படி அடையாளம் கண்டீர்கள், அவரை எப்படித் தயார் செய்தீர்கள் என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும்.

நெல்லூர்ப்பேட்டை (குடியாத்தம்) எழுதியது:

பீடித் தொழிலாளர் சங்கத்தில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன் நான். யாரைத் தலைவராக்கலாம் என்று கூட்டம் போட்டுக் கேட்டால் நன்றாகப் பேசுகிறவரின் பெயர்தான் வரும். கூட்டத்துக்கு முன்பே, தெருவில் ஒரு பிரச்சினை என்றால் மக்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

சாயங்காலம் ஏஜெண்ட் வீட்டுத் திண்ணையில் பீடி ஒப்படைக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர், மெலிந்தது, தூள் குறைந்தது என்று கழித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்திருக்க, ஒருத்தி மட்டும், அதுவும் தன் பீடிக்காக அல்லாமல் தனக்கு முன்னால் நிற்கும் கிழவியின் பீடிக்காக, "பொத்தல் இலையா பார்த்து எடை போட்டுக் குடுத்துட்டு இப்பக் கழிச்சா அந்தம்மா எங்க போகும்?" என்று கேட்பாள். உங்கள் தலைவர் அவள்தான். அவளை மேடைக்கு அழைத்தால் வரமாட்டாள், அழைக்கவும் வேண்டாம். இரண்டு பெண்களைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் வரச் சொல்லுங்கள். அடுத்த முறை மனுவை அவளே வாசித்துக் காட்டட்டும். ஆசிரியர் கூடப் போகலாம், ஆனால் அதிகாரியின் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பொறுப்புக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்களே.

தெருக்காரியாகவே இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் சுற்றுகிறவள் தொழிலாளியே அல்ல, ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் அவளோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று முதலாளிகள் நீண்ட காலம் வாதாடினார்கள். 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்துப் போன வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வைப்பு நிதியும் அவர்களுக்கு உண்டு என்பது 1985இல் இன்னொரு வழக்கில் உறுதியானது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக யார் வீட்டுக் கதவிலும் பணம் வந்து விழவில்லை. எந்த வீட்டில் தாயும் இரண்டு மகள்களும் சேர்ந்து சுற்றி ஒரே பாஸ்புக்கில் ஒப்படைக்கிறார்கள், எந்தப் பாஸ்புக் இறந்துபோன மாமியார் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, யாருடைய ஆதாரில் பிறந்த தேதி வேறாக இருக்கிறது என்ற விவரங்களைத் திரட்டினால்தான் அந்த உரிமை கைக்கு வரும். இந்த விவரம் வெளியாள் கேட்டால் கிடைக்காது. இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறவளிடம்தான் கிடைக்கும்.

அதே வேளையில் வெளியாளே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். பெரம்பூர்ப் பக்கம் வணிகர்களாக இருந்த செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளர் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொள்ளும் இடமாக இருந்தார்கள். அவர்கள் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவைத் தலைமை தாங்க அழைத்தார்கள், திரு.வி.க. துணைத் தலைவராக வந்தார். தொழிலாளி பேசினால் வேலை போகும் என்ற காலத்தில் வேலை போகாத ஒருவர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் 1920இல் பக்கிங்காம் ஆலைக் கதவடைப்பின்போது நிர்வாகம் வாடியா மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு வாங்கியது. வாடியா சங்கத் தொடர்பை விட்டுவிடுவது என்பதன் பேரில்தான் அது தீர்ந்தது. வெளியாளை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பது மெய். வழக்குப் போட்டு விலக்க முடியும் என்பதும் மெய். அவர் விலகினால் அடுத்து நிற்பதற்கு உள்ளிருந்து ஆள் தயாராக இருக்க வேண்டும்.

1921இல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்து, ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்தது. சங்கத்தில் தங்களுக்கு இடமில்லை என்று ஒரு பகுதியினர் நினைக்கும்படி விட்டால் நிர்வாகம் எதுவும் செய்யத் தேவையில்லை, சங்கம் தானாகவே உடைந்துவிடும். உங்கள் ஊரில் வடமாநில இளைஞர்களை அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

சிப்காட் பகுதி (ராணிப்பேட்டை) எழுதியது:

வெளிமாநிலத் தொழிலாளரிடையே வேலை செய்கிற பெண் என்ற முறையில், மேஸ்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை ஐயா நன்றாகச் சொல்லிவிட்டார்.

மேஸ்திரியைத் தலைவராக்க வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை. பல மேஸ்திரிகள் தாங்களும் ஒரு காலத்தில் அதே டிரம்மில் தோல் புரட்டியவர்கள். ஊரில் முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டி வருகிறவர், கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறவர், தங்குகிற அறைக்கு வாடகை பிடிக்கிறவர் ஆகிய எல்லாமே அவர்தான். கூலி குறைகிறது என்று நாளை நீங்கள் பேச வேண்டியிருந்தால் அந்தப் பேச்சின் பாதி அவரோடுதான். பேச்சுவார்த்தை மேசையின் இரண்டு பக்கத்திலும் ஒருவரே உட்கார முடியாது.

2015 ஜனவரி 31 அன்று இங்கே தோல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும் ஆட்களை வெளியில் ஒருவருக்கும் தெரியாது. இன்னார் இந்த ஊர்க்காரர், இது அவர் வீட்டு எண் என்று சொல்ல மேஸ்திரியை விட்டால் ஆள் கிடையாது. ஆகையால் எங்களிடம் பொறுப்புக்கு வருகிற இளைஞருக்கு நாங்கள் முதலில் கொடுக்கிற வேலை ஒரு நோட்டுப் புத்தகம். அறை அறையாகப் போய்ப் பெயர், ஊர், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும், வைப்பு நிதிக் கணக்கு எண், அந்தக் கணக்கோடு சேர்த்த கைபேசி எண் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். கைபேசி எண் அற்பமான விஷயமில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது புது சிம் வாங்கிவிடுகிறார்கள், பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது, சேர்ந்த பணம் எடுக்க முடியாமல் கிடக்கிறது. இந்த நோட்டை முகம் சுளிக்காமல் எழுதி முடித்து, மாதம் தவறாமல் திருத்துகிறவர் யாரோ அவரிடம் மற்றவர்கள் தாமாகவே வரத் தொடங்குவார்கள்.

மொழிக்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்கள் எத்தனை! ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் உருது பேசும் அக்கா ஒருவர், பீகாரிலிருந்து வந்த பையனிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிவிடுவார். அதே அக்கா தமிழ் பேசும் பெண்களோடு ஒரே வேனில் போய் வருகிறவர். வங்காளிகளுக்கு உருது அவ்வளவாக உதவாது. அதற்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்காளம் பழகிய நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தால் வருவார்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியபோது, எங்கள் பகுதியில் பெட்டியைக் கட்டிவிட்ட இளைஞர்களிடம் அதிகாரிகளின் அறிவிப்பைப் படித்துக் காட்டியும் பயன் இல்லை. அவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற ஒருவர், நான் போகவில்லை என்று சொன்ன பிறகே பலர் பெட்டியைப் பிரித்தார்கள். இன்னொன்று, சத் பூஜைக்கோ பெருநாளுக்கோ ஊருக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்று உறுதி இல்லை. எந்தப் பொறுப்பையும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள், இரண்டு பேராக, வேறு வேறு ஊர்க்காரர்களாகப் பார்த்துக் கொடுங்கள்.

சத்துவாச்சாரி (வேலூர்) எழுதியது:

தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் நான். வெளியாளா, உள்ளாளா என்ற கேள்விக்குச் சட்டமே ஓரளவு விடை வைத்திருக்கிறது.

உங்கள் அமைப்பு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான பொதுநல அமைப்பாக மட்டும் இருந்தால், கூலியைப் பற்றி நிர்வாகத்தோடு பேசும் தகுதி அதற்கு உறுதியாக இராது. தொழிற்சங்கமாகப் பதிய வேண்டும். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில், பீடி போன்ற அமைப்புசாராத் துறைகளில் சங்க நிர்வாகிகளில் பாதிப் பேராவது அத்தொழிலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்று இருந்தது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இறுக்கி, மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாட்கள் இருக்கக் கூடாது என்றது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே விதிகளைத்தான் தொடர்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவரும் வெளியாட்களாகக் கருதப்பட மாட்டார்கள். ஷூ கம்பெனியில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மிஷினில் உட்கார்ந்து, வயது முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் பெண்கள் உங்கள் குடியிருப்பில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு வேலை தெரியும், சூப்பர்வைசரின் போக்குத் தெரியும், பறிபோவதற்கு வேலை இல்லை. தலைவர் பதவிக்கு அப்படி ஒருவரையும், செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கு இப்போது வேலையில் இருப்பவர்களையும் அமர்த்தலாம் என்பது என் யோசனை.

வேலையில் இருக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு கவசம் இருக்கிறது. பதிவான சங்கம் எழுதிக் கொடுத்தால், மொத்தத் தொழிலாளரில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில், குறைந்தது 5 பேர், கூடினால் 100 பேர் "பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்" என்ற தகுதியைப் பெறலாம். தொழில் தகராறு சமரச அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கும்போது, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பதைப் பல சங்கங்கள் மறந்துவிடுகின்றன. நீக்கிய பிறகு என்னிடம் வருகிறார்கள்.

வெளிமாநிலத்தவர் உறுப்பினராகவோ நிர்வாகியாகவோ வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தானாக வந்து வேலையில் சேர்ந்தவரையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. மேஸ்திரி வழியாக அன்றித் தாங்களே பேச முன்வருகிற இளைஞர்களுக்கு இது ஒரு பிடிமானம்.

வாணியம்பாடிக்காரர் (இப்போது கலிபோர்னியா) எழுதியது:

நான் வசிக்கும் ஊரிலிருந்து திராட்சைத் தோட்டங்கள் உள்ள டெலானோ என்ற ஊர் கொஞ்ச தூரம்தான். இரு வேறு மொழி பேசும் தொழிலாளர் ஒன்றாக நின்ற கதையும், பிறகு நேர்ந்ததும் உங்கள் நிலைக்கு நெருக்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

1965 செப்டம்பர் 8 அன்று அங்கே திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களின் தலைவர் லாரி இட்லியாங். பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களைக் கொண்டுவருவது, மெக்சிகோக்காரர்கள் நிறுத்தினால் பிலிப்பினோக்களைக் கொண்டுவருவது என்பதே தோட்ட முதலாளிகளின் பழைய வழி. இதை அறிந்த இட்லியாங் மெக்சிகோத் தொழிலாளரிடையே அமைப்பு நடத்திவந்த சீசர் சாவேஸை அணுகினார். செப்டம்பர் 16 அன்று ஒரு தேவாலய மண்டபத்தில் கூடிய சாவேஸின் ஆட்களும் வேலைநிறுத்தத்தில் சேர முடிவெடுத்தார்கள். 1966இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின, 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

சாவேஸும் டொலோரஸ் ஹுயர்ட்டாவும் 1962இலேயே அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய், ஒரு குடும்பம் தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசும் முறையை பிரெட் ராஸ் என்பவரிடமிருந்து இருவரும் கற்றிருந்தார்கள். சாவுச் செலவுக்கான காப்பீடு, சிறு கடன் சங்கம் என்று குடும்பத் தேவைகளிலிருந்தே தொடங்கினார்கள். உங்கள் அமைப்பு வந்த பாதையும் இதுவே.

ஆனால் ஒன்றான அமைப்பில் மெக்சிகோக்காரர்கள் எண்ணிக்கையில் மிகுதி. பிலிப்பினோக்களின் குரல் நாளடைவில் தேய்ந்தது. முதலில் வேலையை நிறுத்திய இட்லியாங் 1971இல் சங்கத்திலிருந்து விலகிவிட்டார். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடம் என்பதை நல்லெண்ணத்துக்கு விடாமல் சங்க விதியிலேயே எழுதிவிடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

பாலாற்றங்கரை (ஆம்பூர்) எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வு பெற்ற தொழிலாளி வெளியாள் ஆகமாட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உருது பேசுபவர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசப் போகிறோம். பணத்தைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இதுவரை சந்தாவும் கணக்கும் ஆசிரியரிடமே இருந்தன. பொருளாளராக வரக்கூடிய பெண்ணுக்கு அவ்வளவாக எழுதப் படிக்கத் தெரியாது. இது தடையாகுமா?

நெல்லூர்ப்பேட்டை (குடியாத்தம்) எழுதியது:

ஆகாது, அம்மா. எங்கள் சங்கத்தில் எழுதத் தெரியாத பொருளாளர் இருந்திருக்கிறார். ஒரு காசு தவறியதில்லை. ரசீது எழுதுவதைப் பத்தாவது படித்த பெண் ஒருத்தி செய்யட்டும், பணம் பொருளாளர் கையில் இருக்கட்டும், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து வைக்கும்படி செய்யுங்கள். மாதக் கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக வரவு செலவை உரக்கப் படியுங்கள், தமிழில் ஒரு முறை, உருதுவில் ஒரு முறை. வங்காளி இளைஞர்கள் வந்திருந்தால் அவர்களில் ஒருவரைக் கொண்டு அவர்கள் மொழியிலும் சொல்ல வையுங்கள். ஆசிரியர் விலகுவதற்கு முன்னால் மூன்று மாதமாவது பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பக்கம் பக்கமாக ஒப்படைக்கட்டும். சந்தாவை வேன் வந்து நிற்கிற இடத்தில் வாங்க வேண்டாம், கம்பெனி ஆட்கள் கண்ணில் படும். வீட்டுக்குப் போய் வாங்குங்கள், அப்போதுதான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.